அசலோடு வரவும்

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள் அக்கா. யாரோ வெற்றிலை துப்பி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் வாருங்கள், இங்கே நான் துடைத்துவிட்டேன். இதற்கென்றே பையில் ஒரு பழைய துணி வைத்திருப்பேன். அரசாங்க பெஞ்சில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நீங்கள் எதற்காக வந்தீர்கள்? வாரிசுச் சான்றிதழ் மேல்முறையீடா? பெயர் விட்டுவிட்டார்களா? விடுவார்கள். எல்லாக் காகிதத்தையும் கண்ணாடி உறையில் போட்டு வரிசையாக வைத்திருக்கிறீர்கள், நல்லது. நானும் அப்படித்தான். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இன்றைக்கும் ஓர் ஓரம் மடங்கியிருக்காது.

நான் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். சாட்சி என்றதும் அப்படிப் பார்க்காதீர்கள். எந்தத் தப்பும் செய்துவிட்டு வரவில்லை. பதினொரு மணிக்கு விசாரணை என்று கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் பத்து மணிக்கே வந்துவிட்டேன்.

அதோ, எதிரே ஜெராக்ஸ் கடை நிழலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களே, ஒன்பது பெண்கள், அவர்களுக்காகத்தான். பச்சைச் சேலை கட்டி, மடியில் தூக்குச்சட்டி வைத்திருப்பது முத்துப்பேச்சி சித்தி. சொந்தச் சித்தி இல்லை. அம்மாவும் அவரும் ஒரே கடைக்குப் பீடி சுற்றினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அம்மாவுக்கு இலை வெட்ட ஆளில்லை என்றால் சித்திதான் சேர்த்து வெட்டிக் கொடுப்பார். ‘பிள்ள படிக்கட்டும்க்கா’ என்பார். இன்றைக்குப் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. “எங்களுக்காக வார பிள்ள, நீயா எடுப்ப?” என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்குப் பஸ்ஸில் குமட்டும், ஜன்னலோரம் வேண்டும் என்று சொல்லி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்குக் குமட்டல் அதிகம் அக்கா. சின்ன வயதிலிருந்தே. இந்தத் தேர்தல் முடிந்த பிறகு இன்னும் அதிகம்.

எங்கள் ஊர் ஆலங்கரை பேரூராட்சி. எட்டாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். உடனே உரக்கடை ஜெயசிங் அண்ணாச்சி தன் மனைவியை நிறுத்திவிட்டார், சுயேச்சையாக, பூட்டு சாவிச் சின்னத்தில். தங்கபுஷ்பம் என்று பெயர். போஸ்டரில் தங்கபுஷ்பம் அக்கா உள்ளங்கை அளவு இருப்பார்கள். அண்ணாச்சி ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது. போஸ்டரில் ‘வேட்ப்பாளர்’ என்று வேறு அடித்திருந்தார்கள்.

அந்தப் பிழையால்தான் நான் அங்கே போனேன். வேறு எதற்காகவும் போகவில்லை. அப்பா அண்ணாச்சி கடையில் மூட்டை இறக்குகிறவர். நான் போய், “அண்ணாச்சி, இதில் ஒரு பிழை இருக்கிறது” என்றேன். அவர் போஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஏ பிள்ள, நீ கொண்டையன் மகதான? காலேஜு முடிச்சிட்டியோ? ஒங்க வீட்டுல மொத ஆளு நீதான?”

“ஆமாம் அண்ணாச்சி. முதல் வகுப்பு.”

“ஒங்க தங்கபுஷ்பம் அக்காவுக்கு மைக்கப் பாத்தா வாயி ஒட்டிக்கிடுது. நீ எழுதிக் குடு. ஆட்டோவுலயும் நீயே பேசு. ஜெயிச்சிட்டம்னா பேரூராட்சி ஆபீஸ்ல ஒனக்கு ஒரு எடம் பாத்து வைக்கேன்.”

வேலைக்காகத்தான் போனேன் என்று ஊரில் பேசுகிறார்கள். அது உண்மையில்லை. எங்கள் தெருவில் இதுவரை ஒலிபெருக்கியில் வந்தது எதுவும் நல்ல தமிழில் வந்ததில்லை. என் குரலில் ஒரு தடவையாவது சுத்தமாக ஒலிக்கட்டுமே என்று நினைத்தேன். வேலை பிறகு கிடைத்தது, அது தனி விஷயம். எனக்குத் தட்டச்சு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் உண்டு.

பதினொரு நாள் ஆட்டோவில் உட்கார்ந்து பேசினேன். ‘அன்பார்ந்த எட்டாவது வார்டு வாக்காளப் பெருமக்களே.’ சின்னப் பிள்ளைகள் ஆட்டோவுக்குப் பின்னால் ஓடிவந்து என்னைப் போலவே சொல்லிக் காட்டும். தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து, “எம்புட்டுத் தெளிவாப் பேசுது பாரு, நம்ம கொண்டையன் மக” என்பார்கள். பொய்யே பேசவில்லை அக்கா. அண்ணாச்சி ‘வீட்டுக்கு வீடு தண்ணீர் வந்தே தீரும்’ என்று எழுதச் சொன்னார். நான் ‘வர ஆவன செய்யப்படும்’ என்று மாற்றினேன். சொல்ல முடியாததை நான் சொல்ல மாட்டேன்.

ஓடைக்கரை விவகாரத்திலும் அப்படித்தான் கவனமாக இருந்தேன்.

ஓடைக்கரையில் ஒன்பது வீடுகள். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று எப்போது வேண்டுமானாலும் இடிப்பார்கள். ஆனால் நீண்ட நாளாகக் குடியிருந்ததற்கு ஆதாரம் இருந்தால் அரசுக் குடியிருப்பில் மாற்று வீடு கேட்கலாம். ஆதாரம் அவர்களிடம் இருந்தது. வீட்டு வரி ரசீதுகள். பேரூராட்சியில் பழைய பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது, ஆகவே அந்த ரசீதுகளை விட்டால் வேறில்லை. அண்ணாச்சி சொன்னார், “ஓடைக்கரைல நாப்பது ஓட்டு கெடக்கு பிள்ள. மாற்று வீட்டுக்கு மனு வாங்குத மாதிரி வாங்கிப் போடு. என்னத்தையாவது எழுது. அதுகளுக்கு ஒரு நம்பிக்க வரணும், அம்புட்டுத்தான்.”

என்னத்தையாவது எழுது. எப்படி இருக்கிறது பாருங்கள் பேச்சு! ஒரு மனுவை என்னத்தையாவது எழுதி வாங்க முடியுமா?

கல்லூரியில் சேரப் போன அன்று நான் சாதிச் சான்றிதழின் ஜெராக்ஸைக் கொண்டு போயிருந்தேன். ‘ஒரிஜினல் எங்கம்மா?’ என்றார் அந்தக் குமாஸ்தா. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. ஜெராக்ஸ் என்றால் அதுவும் சான்றிதழ்தானே என்று அப்பா நினைத்தார். அவர் மறுபடி ஊருக்குப் போய் எடுத்து வரும்வரை நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். சாப்பிடவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் சேர்ந்து போனார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி என் கை பட்ட எந்த விண்ணப்பமும் ஜெராக்ஸ் என்று திரும்பி வரக்கூடாது என்று.

அதனால் ஆட்டோவில் அறிவித்தேன். ‘ஓடைக்கரை மக்கள் தங்கள் வீட்டு வரி ரசீதுகளுடன் தேர்தல் பணிமனைக்கு வந்து மனு அளிக்கலாம். நகல் ஏற்கப்படாது. அசலோடு வரவும்.’

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். “ஏ பிள்ள, கலெக்டர் ஆபீஸே தோத்துச்சு போ!”

ஒன்பது வீட்டுக்காரர்களும் வந்தார்கள். முத்துப்பேச்சி சித்தி ஒரு மஞ்சள் பையைச் சேலைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். முப்பத்தொரு வருஷத்து ரசீது. சிலதில் எழுத்தே மங்கிப் போயிருந்தது. என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு பையை விடவே இல்லை.

“ஒரிஜினலயா குடுக்கணும் தாயி? எங்க வீட்டுக்காரரு செத்த அன்னைக்குக்கூட இத நான் யார் கைலயும் குடுக்கல.”

“ஜெராக்ஸ் செல்லாது சித்தி. வெளியே நிக்க வச்சிருவாங்க. நான் இருக்கேன்ல.”

“நீ இருக்க, சரி” என்றார். கொடுத்துவிட்டார்.

நான் எல்லாவற்றையும் வருஷ வாரியாக அடுக்கி, குடும்பத்துக்கு ஒன்றாக ஒன்பது கட்டாகப் பின் குத்தி, அண்ணாச்சி வீட்டு முற்றத்திலிருந்த பணிமனையில் என் மேசை இழுப்பறையில் வைத்தேன். துருப்பிடிக்காத பின், என் சொந்தப் பின். ஒப்புகைச் சீட்டு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்களா? அச்சடித்த சீட்டு வரவில்லை அக்கா. வெறும் தாளில் எழுதிக் கொடுப்பது முறையாகாது.

பிரச்சாரத்தின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு மைக்கை நிறுத்தியாக வேண்டும். அதற்கு முன்னால் வேட்பாளர் எல்லாருக்கும் நன்றி சொல்லி, மறக்காமல் வாக்களியுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான்தான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். மூன்று நாளாகத் தங்கபுஷ்பம் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ‘நல்லாதரவு’ என்பது அவர்கள் வாயில் கடைசிவரை வரவில்லை.

“பிள்ள, நான் அங்க போயி விழுந்துருவேன்.”

“தாளைப் பாத்து வாசிங்க அக்கா. நிமிர்ந்து பாக்காதீங்க.”

முதல் பத்தி பெயர்கள். அண்ணாச்சி ஒரு பட்டியல் கொடுத்திருந்தார், நாற்பத்து மூன்று பெயர்கள், யாருக்கு அடுத்து யார் என்று நம்பர் போட்டு. அக்கா வாசித்துக்கொண்டே வந்தார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் என்று ஒருவர், வெள்ளை வேட்டி, சந்தனம், மேடைக்குப் பக்கத்திலேயே நின்றார். தன் பெயர் ஐந்தாவதாக வந்ததும் மைக்கைப் பிடுங்கிவிட்டார். “என்னைய அஞ்சாவதா வாசிக்க? எனக்கு முன்னால சைக்கிள் கடைக்காரனா?” மைக் கிய்யென்று கத்தியது. இரண்டு பேர் அவரைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் வேட்டி அவிழ்ந்தது. அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவர் பெயர்கூட அந்த வார்டில் வேர்வை சிந்தி வேலை செய்தவர் பெயர் இல்லை. நன்றியாம்! எனக்கு அங்கேயே துப்ப வேண்டும் போல இருந்தது.

அந்தக் கலவரத்தில் தாள் எங்கோ பறந்து போனது. மணி நாலு ஐம்பது. அக்கா தாள் இல்லாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முகமெல்லாம் வேர்வை. பிறகு தானாகப் பேசினார்கள்.

“எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எனக்குப் பேசத் தெரியாது. வெயில்ல என்கூட நடந்தீங்க, தண்ணி குடுத்தீங்க. நாளான்னைக்கு எல்லாரும் வந்து ஓட்டுப் போடுங்க. எனக்குப் போட்டாலும் சரி, யாருக்குப் போட்டாலும் சரி, வீட்ல இருந்துறாதீங்க. ஓடைக்கரை அக்காமாரே, ஒங்க காயிதமெல்லாம் என் வீட்டுல பத்திரமா இருக்கு. நான் பாத்துக்கிடுதேன்.”

‘காயிதம்!’ நான் தலையில் அடித்துக்கொண்டேன். பதினொரு நாள் நான் கட்டிக் காத்த தமிழ் கடைசிப் பத்து நிமிஷத்தில் போயிற்று. அண்ணாச்சிக்கோ வேறு கோபம். “யாருக்குப் போட்டாலும் சரியாம்! இவள வச்சிக்கிட்டு…” என்று பல்லைக் கடித்தார். ஆனால் ஓடைக்கரைப் பெண்கள் கைதட்டினார்கள். சித்தி அழுதார்.

ஜெயித்துவிட்டோம். முப்பத்தாறு ஓட்டு வித்தியாசம். ஓடைக்கரையில் நாற்பதும் விழுந்திருந்தது.

மறுநாள் நன்றி அறிவிப்பு. திறந்த டெம்போவில் அக்கா, கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. ஓடைக்கரையில் ஒன்பது வீட்டு வாசலிலும் ஆரத்தி எடுத்தார்கள். மத்தியானம் பணிமனையில் பிரியாணி. தகரக் கொட்டகை. உட்கார்ந்து சாப்பிடுகிறவன், நின்று சாப்பிடுகிறவன், சாப்பிட்ட கையால் முதுகில் தட்டுகிறவன். எலும்பைக் கடித்துத் தோளுக்கு மேல் வீசுகிறார்கள். தரையில் விரிக்கப் பாய் போதவில்லை என்று மிச்சமிருந்த போஸ்டரையெல்லாம் விரித்திருந்தார்கள். அதுவும் போதவில்லை போலிருக்கிறது. ஒருவன் கத்தினான்.

“எவம்ல காயிதத்துல பின்னக் குத்தி வச்சது? கையக் கிழிச்சிட்டு!”

நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்.

என் மேசை இழுப்பறை திறந்து கிடந்தது. ஒன்பது கட்டும் கீழே விரித்திருந்தது. சிலர் சோறு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஒரு தாளை உருவி வாயைத் துடைத்தான். ‘முத்துப்பேச்சி, க/பெ சுப்பையா’ என்ற எழுத்தின் மேல் ஒரு நல்லி எலும்பு கிடந்தது. எண்ணெய் ஊறி மறுபக்க எழுத்து தெரிந்தது.

நான் வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தேன்.

எடுத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். எல்லாமா கெட்டுப் போயிருக்கும், பாதியாவது தேறியிருக்குமே என்று நினைக்கிறீர்கள். அத்தனை பேர் எச்சிலில் நான் எப்படிக் கை வைப்பேன்? உங்களால் முடியுமா? கையைக் கழுவிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, எல்லாவற்றையும் சுருட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போகும். போயிற்று. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தேன்.

தங்கபுஷ்பம் அக்கா அப்போது வீட்டு உள்ளறையில் தலைவலி என்று படுத்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து என்னைக் கேட்டார்கள், “பிள்ள, அந்தக் காயிதமெல்லாம் எங்க வச்சிருக்க? நான் மீட்டிங்குக்குக் கொண்டு போணும்லா” என்று. ‘அண்ணாச்சியிடம் கேளுங்கள்’ என்றேன். அது பொய்யில்லையே. அதற்குப் பிறகு அக்கா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மீட்டிங்குக்கும் அண்ணாச்சிதான் போகிறார். வாக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே, அவர்களுக்கல்லவா உறுத்த வேண்டும்? எனக்கு அவர்களை நினைத்தாலே வெறுப்பாக வருகிறது.

அந்த மாதமே எனக்குப் பேரூராட்சியில் வேலை கிடைத்தது. கணினி இயக்குபவர், தற்காலிகம். அண்ணாச்சி சிபாரிசு செய்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தட்டச்சுத் தேர்வு வைத்தார்கள். ஒரு பிழையும் இல்லை.

பிறகு ஓடைக்கரைக்கு நோட்டீஸ் போயிற்று, முப்பது நாளில் காலி செய்யச் சொல்லி. நான்தான் தட்டச்சு செய்தேன். என் வேலை அதுதானே? மேலேயிருந்து வந்த பட்டியலில் ‘முத்துபேச்சி’ என்று இருந்தது. நான் ‘முத்துப்பேச்சி’ என்று திருத்தினேன். ஒருவருக்கு நோட்டீஸ் கொடுக்கும்போது பெயரைப் பிழையாகப் போடுவது மரியாதையில்லை.

ரசீதைத் திருப்பிக் கேட்டதற்கு அண்ணாச்சி கையை விரித்துவிட்டதால், அவர்கள் ஒரு வக்கீலைப் பிடித்து இங்கே மனுப் போட்டார்கள். வக்கீல் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அசல் ரசீது பணிமனையில் கொடுத்துத் தொலைந்தது என்று வாங்கின ஆளே சொன்னால் போதும், கோட்டாட்சியர் அக்கம்பக்கத்தில் விசாரித்து மாற்று வீட்டுக்கு உத்தரவு போடலாம். ஜெராக்ஸ்தான் கொடுத்தார்கள் என்றால், ‘அப்படியானால் ஒரிஜினலைக் காட்டு’ என்பார்கள். காட்ட முடியாது. கதை முடிந்தது. சித்தி அன்றைக்கே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார், “நம்ம பிள்ளதான வாங்குச்சு, அது சொல்லிரும்” என்று.

நேற்று அண்ணாச்சி ஆபீஸுக்கு வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். வாயில் பாக்கு.

“கேட்டா ஜெராக்ஸ்னு சொல்லு.”

“நான் பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி.”

“ஒன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா? கேக்கலன்னா ஒண்ணும் சொல்லாத. ஒனக்கு முப்பதாம் தேதி ஆர்டர் புதுப்பிக்கணும்லா? அப்பா வேற எடுப்பா மூட்டை தூக்குதாரு, இந்த வயசுலயும்.”

சொல்லிவிட்டு என் குப்பைக் கூடையில் துப்பிவிட்டுப் போனார்.

நான் ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவு செய்திருக்கிறேன். கேட்டால் உள்ளதைச் சொல்வேன். ‘அசலா நகலா?’ என்று கேட்டால் அசல் என்றே சொல்வேன், வேலை போனாலும் சரி. கேட்காவிட்டால் நானாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. சாட்சி என்றால் கேட்டதற்குப் பதில் சொல்கிறவர்தானே? இதில் தப்பு இருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறதா?

அதோ, கூப்பிடுகிறார்கள். சுடர்க்கொடி, நான்தான். பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. அந்த ஓரத்தில் வைத்துவிடாதீர்கள்.

*

இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையா? நல்லவேளை, இருக்கிறீர்கள்.

முடிந்துவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கோட்டாட்சியர் ஒரு பெண்தான். சளி பிடித்து மூக்கு சிவந்து போயிருந்தது, பாவம். என்னை உட்காரச் சொன்னார். என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்றதும், “குட்” என்றார்.

“மனு வாங்கினது நீங்கதானா?”

“ஆமாம் மேடம்.”

“ஒன்பது பேர்கிட்டயும்?”

“ஆமாம் மேடம்.”

“கூட ஆவணம் ஏதாவது வச்சிருந்தாங்களா?”

“வைத்திருந்தார்கள் மேடம். வீட்டு வரி ரசீதுகள்.”

அவ்வளவுதான். அசலா நகலா என்று கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. பக்கத்தில் கணினியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவரைப் பார்த்து மேடம் மளமளவென்று சொன்னார். ‘மனுக்களுடன் வீட்டு வரி ரசீதுகளின் நகல்கள் பெறப்பட்டதாகச் சாட்சி தெரிவித்தார்.’ எல்லாரும் ஜெராக்ஸ்தானே கொடுப்பார்கள்? யாராவது அசலைக் கொடுப்பார்களா? அவருக்கு அது சந்தேகமாகவே வந்திருக்காது. திரையில் அந்தச் சொல் விழுந்ததை நான் பார்த்தேன். என் கண்ணுக்கு முன்னால்தான் விழுந்தது. போஸ்டரில் ஓர் எழுத்து பிசகியதற்கு உரக்கடை வரைக்கும் போனவள் நான்.

மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “வேற ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

“இல்லை மேடம்.”

அது எல்லாரிடமும் கேட்பது அக்கா. வழக்கமாக, கடைசியில் கேட்பது. அதற்காகக் கேட்டதல்ல.

ஆனால், கேட்டார். கேட்டார்தான்.

இதோ, அச்செடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கீழே நான் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, ஒன்பது பேரிடமும் கைநாட்டு வாங்கி வர வேண்டுமாம். “நீ படிச்ச பிள்ளதானம்மா, நீயே வாசிச்சுக் காட்டி வாங்கிட்டு வந்துரு” என்று அந்தக் கணினிக்காரர் மைப்பெட்டியையும் கையில் கொடுத்துவிட்டார். பாருங்கள், விரலெல்லாம் மை. மேடத்துக்கு மத்தியானத்துக்கு மேல் வேறு எங்கோ போக வேண்டும். அதற்குள் கைநாட்டோடு போனால் இதுதான் முடிவு.

வந்துவிட்டார்கள். சாலையைக் கடக்கிறார்கள். தூக்குச்சட்டியில் எனக்கும் சேர்த்துப் புளிச்சோறு கொண்டு வந்திருப்பதாகக் காலையில் சொன்னார் சித்தி.

அக்கா, நீங்கள் வாசித்துக் காட்டுகிறீர்களா? கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், நன்றாக வாசிப்பீர்கள். ஒரே பக்கம்தான். எனக்குத் தொண்டை சரியில்லை. இல்லை, தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. நான் வாசித்தால் அவர்கள் கேட்க மாட்டார்கள் அக்கா. கேட்பார்கள், ஆனால் என் குரலைத்தான் கேட்பார்கள். என்ன வாசித்தாலும் தலையை ஆட்டிக்கொண்டே பெருவிரலை நீட்டுவார்கள். பதினொரு நாள் அப்படிப் பழக்கியிருக்கிறேன். நீங்கள் அன்னியம். நீங்கள் வாசித்தால் ஒவ்வொரு சொல்லாகக் கவனிப்பார்கள். ‘நகலா? நாங்க எங்கம்மா நகல் குடுத்தோம்?’ என்று யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். கேட்டுவிட்டால் நான் இங்கேதானே நிற்கிறேன்? எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? உள்ளதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

பிடியுங்கள். மை பட்டுவிடாமல் ஓரத்தில் பிடியுங்கள். முதல் நாலு வரி பெயரும் ஊரும்தான், அதை எப்படி வாசித்தாலும் சரி. ஐந்தாவது வரியில் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். நிறுத்தி, சத்தமாக வாசியுங்கள். சித்திக்கு இடது காது மந்தம். அவருக்கு வலது பக்கமாக நின்றுகொள்ளுங்கள் அக்கா.